ஊக்கு குத்திய அட்டை

அவர் மிஸ்ஸி இல்லை. சிங்கப்பூரில் தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடுவது வழக்கம். அவர் தாதி அல்ல. அரசாங்க கிளினிக்கில் நோயாளிகளின் அட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா. இதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

"நான் மிஸ்ஸி இல்ல. எனக்கு ஊசி போடத் தெரியாது."

"சரி மிஸ்ஸி" என்பார் கேட்டவர்.

அதனால் அவர் கார்டு மிஸ்ஸி ஆனார். அவருடைய சொந்தப் பெயரை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, ஓர் அரசாங்கக் கடிதத்தில். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கிளினிக் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை. உள்ளே நான்கு வரிசை மரப் பெஞ்சுகள், எதிரே கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கூரை வரை எழுந்த இரும்பு அலமாரிகள். அவற்றில் பழுப்பு நிற அட்டைகள். வலது கட்டைவிரலில் ரப்பர் உறை, காதில் பென்சில், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் கடிகாரம் என்று அவர் ஜன்னலில் நிற்பார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர் அடையாள அட்டையை நீட்டியதும், அதை வாங்காமல், முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

"ஆளு வந்திருக்கா, கார்டு வந்திருக்கா?"

பெரும்பாலோர் இதை அவருடைய வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார்கள். "ஆளுதான் மிஸ்ஸி, சாவுற மாதிரி வந்திருக்கேன்" என்று யாராவது சொன்னால், "சாவுறவன் வரிசையில நிக்க மாட்டான், அடுத்த ஆளு" என்பார். சிரிப்பு எழும். அந்தக் கேள்விக்கு இரண்டாவது பதில் ஒன்றும் உண்டு என்பது சிலருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் தெரியும்.

சித்தி எங்களோடு வந்து தங்கியது பிரிட்டிஷ்காரர்கள் கடற்படைத் தளத்தைக் காலி செய்த சமயம். சித்தப்பா செம்பவாங் தளத்தில் வேலை பார்த்தவர். பதிவு, குடியுரிமை என்று ஊரெல்லாம் வரிசையில் நின்ற ஆண்டுகளில், "பிறகு பார்த்துக்கலாம்" என்று மனைவிக்கு எதுவும் எடுக்காமல் விட்டுவிட்டார். பிறகு அவர் இறந்துபோனார். தள வாசிகளுக்கான வீடும் போயிற்று. சித்தி ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதில் பிறப்புச் சான்று இல்லை, அடையாள அட்டை இல்லை, அவர் எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஆண்டுகள் ஏற ஏறப் போய்ச் சொல்வதற்கான பயமும் ஏறியது. "பிடிச்சு அனுப்பிட்டா எந்த ஊருக்குடா போவேன்?" என்று கேட்பார்.

எனவே உடம்புக்கு முடியாமல் போனால், அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகம். படமும் பழையது.

முதல் முறை ஜன்னலில் அந்தக் கேள்வி வந்தபோது நான் சித்தியின் பக்கத்தில் நின்றேன். அப்போது நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எந்த அதிகாரியிடமும் பேசத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

"கார்டுதான் வந்திருக்கு, மிஸ்ஸி."

அவர் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "லெட்சுமிக்குத் தங்கச்சியா? நாங்கூட லெட்சுமிதான் இளைச்சுப் போச்சோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அம்மாவின் அட்டையும், அதற்குப் பின்னால் ஒரு வெற்று அட்டையும் இருந்தன. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண். புதிய அட்டையின் மூலையில், பென்சிலால், தமிழில் ஒரு சொல்: சின்னவள். இரண்டையும் ஓர் ஊக்கால் சேர்த்துக் குத்தினார்.

அந்த ஊக்கில்தான் அவருடைய முறை முழுவதும் இருந்தது. ஓர் அட்டை எழுதி நிரம்பினால் அடுத்த அட்டையை ஸ்டேப்ளர் கம்பி அடித்துச் சேர்ப்பது கிளினிக்கின் வழக்கம். கம்பி அடித்திருந்தால் ஒரே ஆளின் தொடர்ச்சி. ஊக்கு குத்தியிருந்தால் இரண்டு ஆட்கள். சித்தி போனால் பின் அட்டை மட்டும் மருத்துவரின் மேசைக்குப் போகும், அம்மா போனால் முன் அட்டை. சில மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்த மருத்துவர்கள் தங்கள் முன்னால் வைக்கப்பட்ட அட்டையைப் படித்தார்கள். வேறு எதையும் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

ஏன் இதைச் செய்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். எழுபதுகளின் பிற்பகுதி. சித்திக்குக் காய்ச்சல் என்று பென்சிலின் ஊசி போட்டு, பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. ஜன்னலிலிருந்து முதலில் பார்த்தவர் அவர்தான். கத்தாமல் வெளியே வந்து, மருத்துவரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மாற்று ஊசி போட்டு சித்தி பிழைத்தார். மருத்துவர் பின் அட்டையில் பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதினார். எல்லாம் அடங்கிய பிறகுதான் கேட்டேன்.

"முன்னாடி ஒருத்தன் செத்துப் போனான்" என்றார். "செம்பவாங் டாக்யார்டு ஆளு. அண்ணன் கார்டுல வந்தான். அண்ணனுக்கு இதே ஊசி மூணு வாட்டி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகல. கார்டுல அப்படித்தான் இருந்துச்சு. அப்ப நான் கார்டைத்தான் பார்த்தேன்."

மதிய உணவு நேரம் முடிய இன்னும் சில நிமிடம் இருந்தது. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அவரைப் புனிதராக எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. அவரும் விரும்பியிருக்க மாட்டார். அட்டை மூலைகளில் அவர் எழுதிய பென்சில் சொற்கள் எல்லாமே நல்லெண்ணத்தில் எழுதியவை என்று சொல்ல முடியாது. 'குடி' என்று இருக்கும். 'மாத்திரையைக் கொட்டுவான்' என்று இருக்கும். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆன ஒருவர் அதை அழிக்கச் சொல்லிக் கேட்டபோது, "பத்து வருஷம் ஆகட்டும், பார்ப்போம்" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

அலமாரி ஒழுங்கு அவருடைய தலைக்குள் இருந்தது. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார். லெட்சுமிக்கு மட்டும் நான்கு எழுத்துமுறைகள். அந்த கிளினிக்கில் பதினொரு லெட்சுமிகள். ஆகவே அவர் ஆங்கில அகரவரிசையை விட்டுவிட்டுக் காதில் விழும் ஓசைப்படி அடுக்கினார், அதற்குள் அப்பா பெயர், அதற்குள் ஊர். வீடமைப்புப் பேட்டைகளுக்குக் குடிபோனவர்கள் கீழ்த்தட்டு. நாங்கள் பிடோக் பேட்டைக்குப் போனதும் எங்கள் அட்டையும் கீழே இறங்கியது. ஆனால் நாங்கள் கிளினிக்கை மாற்றவில்லை. இரண்டு பேருந்து மாறி தேக்காவுக்கே வந்தோம். எங்கள் அட்டை அங்கேதானே இருந்தது.

ஒருமுறை அவர் வேளாங்கண்ணிக்கு இரண்டு வாரம் போனார். ஜன்னலில் நின்ற மாற்று ஆளால் பாதி அட்டைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்க, "வெள்ளை மாத்திரை" என்றார் அம்மா. எல்லாமே வெள்ளை மாத்திரைதான். கொடுத்தது அளவில் கூடிப்போய், அம்மா மூன்று நாள் படுக்கையிலிருந்து எழவில்லை. அவர் திரும்பி வந்ததும் நான் கோபமாகவே சொன்னேன்.

"நீங்க இல்லாட்டி இந்த கிளினிக்கே நடக்காது போல."

"நடக்காது" என்றார். பெருமையாகச் சொன்னாரா, களைப்பில் சொன்னாரா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. "அதுக்கு நான் என்ன செய்ய? மாதாவைப் பார்க்கப் போகக் கூடாதா?"

அதனால்தான், எண்பதுகளின் நடுவில் கிளினிக்குக்குக் கணினி வருகிறது என்று செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டபோது, நான் மனதார எழுதினேன். அடையாள அட்டை எண்ணை அடித்தால் நோயாளியின் விவரம் ஒரு நிமிடத்துக்குள் திரையில் வந்தது. நோய், மருந்து, அளவு, தேதி. பெயரை எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான். பதினொரு லெட்சுமிகளும் பிரிந்துவிடுவார்கள். யாரும் வேளாங்கண்ணிக்குப் போகலாம். 'இனி அட்டை தேட வேண்டாம்' என்று தலைப்புக் கொடுத்தேன்.

மறுவாரம் அவர் அந்தத் தாளை மடித்து ஜன்னலில் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. 'இனித் தவறு நேராது'ன்னு இருக்கே, அது யாரு சொன்னது?"

"அதிகாரி சொன்னாரு."

"அப்ப அவரு சொன்னாருன்னு போட வேண்டியதுதானே. நீங்க சொன்ன மாதிரில்ல இருக்கு."

பத்திரிகையில் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. யார் சொன்னது என்று எழுது. நான் சிரித்து மழுப்பினேன்.

அட்டைகளிலிருந்து விவரங்களைக் கணினியில் ஏற்ற ஒப்பந்தத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். வேகமாக வேலை செய்தார்கள். பென்சிலில் இருந்ததை அவர்கள் ஏற்றவில்லை, மையில் எழுதியதை மட்டும் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவரும் அவர்களில் இல்லை. இதில் 'குடி' போயிற்று. ஒன்பது வருடம் குடிக்காத மனிதர் ஒரே நாளில் சுத்தமானார். அதே நாளில் 'சின்னவள்' என்ற சொல்லும் போயிற்று. கார்டு மிஸ்ஸியை அதற்கு முன்பே ஜன்னலிலிருந்து எடுத்து, பழைய அட்டைகளைக் கட்டிப் பெட்டியில் போடும் பின்னறைக்கு மாற்றியிருந்தார்கள்.

சித்தி இருமலுக்குப் போனார். ஜன்னலில் புது ஆள். கேள்வி எதுவும் இல்லை. மருத்துவர் திரையிலிருந்து எடுத்த தாளைப் படித்தார்: சர்க்கரை நோய், பல ஆண்டுகள். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை அளவு சரியாக இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, இருமல் தண்ணியோடு ஒரு மாத மாத்திரையும் கொடுத்தார். டாக்டர் கொடுத்ததைச் சாப்பிடாமல் இருக்கும் வழக்கம் சித்திக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலை, தேக்கா சந்தையில், மீன்கடைக்கு முன்னால் விழுந்தார். மீன்காரர் சீனர், நெடுநாள் பழக்கம். சித்தி வேர்த்து நனைந்திருப்பதைப் பார்த்து, பக்கத்துக் கடையிலிருந்து இனிப்பான தே ஒன்றை வாங்கி வாயில் ஊற்றினார். மீன்காரரின் அம்மாவுக்குச் சர்க்கரை நோயாம், சர்க்கரை இறங்கிவிட்டால் இப்படித்தான் வேர்க்குமாம். அந்த ஒரு டம்ளர் தேநீர்தான் சித்தியைக் காப்பாற்றியது.

நான் கிளினிக்குக்குப் போனேன். பின்னறையில் அவர், முதல் முறையாக, உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய மைலோ டப்பாவை எடுத்து, அதை என் முன்னால் கவிழ்த்தார். ஊக்குகள்.

"கம்பி அடிச்சதைப் பிரிச்சாங்க. ஊக்கையும் பிரிச்சாங்க. நல்ல பிள்ளைங்க, ஒண்ணைக்கூடத் தொலைக்கல" என்றார். "பதினாலு. நேத்துத்தான் டப்பாவப் பார்த்தேன். பதினாலு நம்பர்ல இருபத்தெட்டு உடம்பு இருக்கு தம்பி."

"இப்ப என்ன செய்றது?"

"சொல்லணும். நீங்க சொல்லணும், இல்லாட்டி நான் சொல்லணும்."

"சொன்னா சித்திக்குப் பேப்பர் இல்லங்கிறது தெரிஞ்சிரும், மிஸ்ஸி. கொஞ்சம் பொறுங்க."

"பேப்பர் இல்லாம இத்தனை வருஷம் இருந்துட்டாங்க. தப்பு மாத்திரையோட எத்தனை நாளு இருப்பாங்க?"

"இனிமே அனுப்ப மாட்டோம். வெளி டாக்டர்கிட்ட காட்டுறோம்."

"சரி, உங்க சித்தி தப்பிச்சாங்க. மத்தவங்க?"

நான் பொறுங்கள் என்றே மறுபடியும் சொன்னேன். ஒரு வாரம் கேட்டேன். என்ன செய்வதென்று யாரையாவது விசாரிக்கிறேன் என்றேன். உண்மையில் யாரையும் விசாரிக்கவில்லை. பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரியில் திருத்தம் போட்டு முடித்துவிடுவோம். இதற்கு அப்படி ஒரு பக்கம் இல்லை என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவர் மேலதிகாரியின் அறைக்குப் போய்ப் பதினான்கு பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். அட்டையை இரண்டாக்கியது நோயாளிகள் கேட்டல்ல, தன் இஷ்டத்துக்குத் தானே செய்தது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கணினியில் பதினான்கு பதிவுகளும் உடனே நிறுத்திவைக்கப்பட்டன. விசாரணை நடந்தது. ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போது அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் முதலில் சொன்ன கடிதம் அதுதான்.

அந்தப் பதினான்கு குடும்பங்களில் எத்தனை பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள் என்று தெரியாது. தம்பியின் அட்டையில் வந்துகொண்டிருந்த ஒருவர், ஞாயிறு பூசை முடிந்து வந்தவரை மாதா கோயில் வாசலிலேயே நிறுத்தி, "காட்டிக் கொடுத்துட்டியே, யூதாசு" என்றாராம். அவர் அதற்கு, "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் அவரில்லை.

சித்தியைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நான் கூடப் போனேன். ஐந்து தடவை போனோம். எந்தக் கப்பல், எந்த மாதம், யார் சாட்சி. செம்பவாங்கில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாளைத் தேடிப் பிடித்தேன். அவர் வந்து, இவள் கல்யாணப் புடவையோடு வந்து இறங்கியதை நான் பார்த்தேன் என்று சொன்னார். பிடித்து அனுப்பவில்லை. ஒன்பது மாதம் கழித்து, நிரந்தரவாசிகளுக்கான நீல நிற அடையாள அட்டை ஒன்று கொடுத்தார்கள். சித்திக்கு எண் கிடைத்தது. அன்று வீட்டில் எல்லோருக்கும் அலுத்துப் போயிருந்தது.

அதன் பிறகு சில வாரங்களில் கார்டு மிஸ்ஸியைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். அதே ஆண்கள் கடிகாரம். கட்டைவிரலில் உறை இல்லாதது ஏதோ குறை போலிருந்தது. சொல்ல வேண்டியதை நான் சொல்லத் தொடங்குவதற்குள், "சித்தி?" என்றார்.

"ஐசி வந்திருச்சு, மிஸ்ஸி. நீலம்."

"நான் மிஸ்ஸி இல்ல." குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல?"

"புது நம்பருக்குப் புதுப் பதிவு போட்டாச்சு. சுத்தமா இருக்கு."

"பென்சிலின் ஆகாதுன்னு அதுல இருக்கா?"

அதை நான் பார்த்திருக்கவில்லை.

"அது அக்கா நம்பர்லதானே ஏறுச்சு. பிரிச்சப்போ அங்கேயே தங்கியிருக்கும்." மீனை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "சுத்தமா இருக்குன்னு சொல்றீங்க. சுத்தமா இருக்கக் கூடாது தம்பி. கூட்டிட்டுப் போயி எழுதச் சொல்லுங்க. இன்னிக்கே."

மன்னிப்புக் கேட்பது போன்ற ஏதோ ஒன்றைச் சொன்னேன். அவர் மீன்காரரிடம் எடை போடச் சொன்னார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அன்று பிற்பகலே சித்தியை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். ஜன்னலில் கம்பியை எடுத்திருந்தார்கள். அலமாரிகள் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு வரிசை நாற்காலிகள். திரைக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண். விஷயத்தைச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "இவங்க ஃபைல்ல அலர்ஜி ஒண்ணும் இல்லையே, அங்கிள்" என்றாள். மருத்துவரிடம் போய்க் கேட்டு வந்தாள், அம்மாவின் பதிவைத் திறந்து பழைய குறிப்பைச் சரிபார்த்தாள், விசைகளைத் தட்டினாள். "முடிஞ்சிருச்சு. இனிமே எந்த டாக்டர் திறந்தாலும் மேல ஃபர்ஸ்ட் லைன்லயே வரும்." தட்டி ஏற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த முதல் வரி பின்னர் ஒருமுறை, வேறொரு மருத்துவரின் கையை நிறுத்தியது.

அடுத்து அவள் சித்தியிடம் கையை நீட்டினாள். சித்தி கைப்பையைத் திறந்து, கைக்குட்டைக்குள் சுற்றியிருந்த நீல அட்டையை எடுத்தார். கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை ஆண்டுகளாக அந்த இடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெண்ணின் கண் திரையில் இருந்தது.

கேள்வி வராததால் சித்தி பதிலை மட்டும் சொன்னார்.

"ஆளும் வந்திருக்கு, கார்டும் வந்திருக்கு."

"ஐசி மட்டும் போதும், ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.